கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் கடை

ஓட்டல் வேலைக்கு வரும் இளையவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இத்தனை கடையை ஒத்தை ஆளா எப்படி நடத்தினீங்க?" ஒத்தை ஆளாக நடத்தவில்லை என்பதுதான் பதில். அதை நான் கற்றுக்கொண்டது ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில், பாறசாலை முக்கில், போலீஸ்காரர்கள் கட்டிய கயிற்றுக்குத் தெற்கே நின்றுகொண்டு. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு துள்ளுகிறது.

1. உள்ளங்கை

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். மலையாள ராஜ்யத்தில் இருந்த தென் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஒரு கூட்டம், விடமாட்டோம் என்று ஒரு கூட்டம். எங்கள் ஓட்டல் பாறசாலைப் பெருவழியில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே. சமையல் பரமேஸ்வரன், கள்ளிக்காடு ஊர் மலையாளி. பந்தி கவனிப்பது செல்லையன், காரோடு ஊர்த் தமிழன். எல்லை விஷயம் பேசக்கூடாது என்று தமிழ், மலையாளம் இரண்டு எழுத்திலும் போர்டு எழுதி அடுக்களையில் மாட்டியிருந்தேன். அதன் அடியில் நின்றுதான் இருவரும் சண்டை போடுவார்கள்.

மேனேஜர் நான். எனக்கு ஒரு முறை உண்டு. எந்தக் கறியானாலும் அடுப்பிலிருந்து இறக்கியதும் கரண்டியில் கோரி ஒரு துளி என் உள்ளங்கையில் விடவேண்டும். நாக்கில் வைத்துப் பார்த்து "எடு" என்பேன். அதன் பிறகுதான் பந்திக்குப் போகும். என் வாயிலிருந்து "எடு" வராமல் ஒரு பப்படம்கூட வெளியே போனதில்லை. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அப்போது முதலாளி நெய்யாற்றின்கரையில் புதுக்கடைக்கு இடம் முடித்திருந்தார். மாடிக் கட்டிடம், மேலே தங்குவதற்கு அறைகள். அதை நடத்த வேண்டுமென்று எனக்கு அப்படியொரு ஆசை. முதலாளி மறுக்கவில்லை.

"அதும் நீதான் பாக்கணும், இதும் நீதான் பாக்கணும் ஆக்கும்," என்றார். "ஆனா ஒண்ணு மக்கா. நீ கை வைக்காம இங்க ஒரு பந்தி நடக்கட்டு. நான் இருந்து பாக்கேன். பொறவு அந்தச் சாவியத் தாறேன்."

சரி என்றேன். ஆனால் இந்த வாரம் கல்யாணக் கூட்டம், அடுத்த வாரம் சந்தைக் கூட்டம் என்று தள்ளிக்கொண்டே போனேன். கடையை விட்டு நகர மனசு வந்தால்தானே.

2. ஆளு நிக்கட்டே

ஒரு நாள் ஹர்த்தால், ஊரெல்லாம் கடையடைப்பு; ஓட்டலுக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் விலக்கு. இலைக்காரன் வரமாட்டான் என்று தெரிந்து, காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு களியக்காவிளைக்குப் போனேன். வாழையிலைக் கட்டோடு திரும்பினால், கடைக்குப் பத்தடி தெற்கே, முக்கில் ரோட்டுக்குக் குறுக்கே கயிறு. தெற்கிலிருந்து ஊர்வலம் வருகிறதாம், ஒரு ஆளையும் விடக்கூடாது என்று உத்தரவாம். திருவனந்தபுரத்திலிருந்து வந்த பஸ்களையும் அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். இறங்கிய சனம் முழுவதும் என் கடையில். முன் வரிசையில் யார் என்று பார்க்கிறேன், முதலாளி. அவரும் அதிலொரு பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்.

"ஏட்டே, அது என் கடை. எல்லாரும் பசிச்சு இருக்காங்க," என்று ஹெட் கான்ஸ்டபிளிடம் கெஞ்சினேன்.

அவர் என்னையும் பார்த்தார், சைக்கிளையும் பார்த்தார். "ஆளு அவிடெ நிக்கட்டே. இல போட்டே," என்றார்.

இலை மட்டும் போகலாமாம். இலை போயிற்று, நான் நின்றேன். செல்லையன் வந்து இலைக்கட்டை வாங்கிப்போய் இலை போட்டுவிட்டான். சோறு விளம்பினான். அதோடு எல்லாம் நின்றுவிட்டது. பரமேஸ்வரன் கையில் கரண்டியோடு வாசற்படிக்கு வந்தார்.

"அண்ணாச்சி, பருப்பு இறக்கியாச்சு. எடுக்கட்டா?"

"எப்படி இருக்கு?"

"அத நான் எப்படிச் சொல்லும்? உங்க கை இங்க இல்லியே."

"எடு," என்று கத்தினேன். உள்ளே போனவர் உடனே திரும்பி வந்தார். பப்படம் ஒன்றா இரண்டா? ஒவ்வொன்றுக்கும் வாசற்படிக்கு ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் என் கத்தல். பந்தியில் இருந்தவர்கள் இலையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார். நெய்யாற்றின்கரை மாடி என் கண்முன்னால் இடிந்து விழுந்துகொண்டிருந்தது.

தெற்கே ஊர்வலத்தின் கோஷம் கேட்கத் தொடங்கியது. ஹெட் கான்ஸ்டபிள் என் பக்கம் திரும்பி, "இனி ஒச்ச வெச்சால் ஜீப்பில் கேற்றும்," என்றார். சத்தம் போட்டால் ஜீப்பில் ஏற்றிவிடுவாராம். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து பரமேஸ்வரன் மறுபடியும் வந்தார். "அண்ணாச்சி, சாம்பார்?"

சைகை காட்டலாம் என்று கை தானாக எழுந்தது. அது எழுந்த வேகம் எனக்கே வெட்கமாக இருந்தது. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டேன்.

பரமேஸ்வரன் பின்னால் போன என் கையைப் பார்த்தார். பிறகு கரண்டியில் இருந்ததைத் தன் உள்ளங்கையில் விட்டார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"செல்லையா," என்றார். "எடு."

அடேயப்பா, அதன் பிறகு அந்தக் கடை பறந்த பறப்பு! செல்லையன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். உள்ளே இடம் போதாது என்று கண்டு, யாரையும் கேட்காமல் பூட்டிக் கிடந்த பக்கத்துக் கடை வராந்தாவில் பாய் விரித்து இன்னொரு பந்தி போட்டான். பரமேஸ்வரன் அங்கிருந்து தமிழில் கேட்க, இவன் இங்கிருந்து மலையாளத்தில் பதில் சொல்கிறான். என் முறைக்கு மாறாக, ரசத்துக்கு முன்னால் மோர்க்குழம்புப் புளிசேரி போனது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். சாப்பிட்டவர்கள் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கோ கயிற்றைத் தாண்டிக் குதித்துக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

3. பின்னால் கட்டிய கை

முதலாளி கை கழுவிவிட்டு நேராகக் கயிற்றடிக்கு வந்தார்.

"சாம்பார்ல புளி ஒரு பொடி கூடுதல்."

சைக்கிளைத் திருப்பப் போனேன்.

"ஆனா நான் ரெண்டாமதும் வாங்கினேன், கேட்டியா?" என்று சொல்லி, மடியிலிருந்து அந்தச் சாவியை எடுத்துக் கயிற்றுக்கு மேலே நீட்டினார். ஹெட் கான்ஸ்டபிள் அது என்ன என்று எட்டிப் பார்த்தார்.

"சரி," என்றார். "சாவி போட்டே."

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கத்திய "எடு" ஒன்றுகூட ஒருவர் பசியையும் முழுசாக ஆற்றவில்லை. பரமேஸ்வரன் சொன்ன ஒரு "எடு" இரண்டு பந்தியை எழுப்பிவிட்டது. இன்னொருவரிடம் ஒரு வேலையைக் கொடுக்கும்போது, அதன் ருசியைப் பார்க்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

நெய்யாற்றின்கரைக் கடையில் முதல் நாள், புதுச் சமையல்காரர் கரண்டியோடு என்னிடம் வந்தார். "நீங்களே பாருங்க," என்று சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கடைசி வரைக்கும் எந்த அடுக்களைக்குள் போனாலும் அப்படித்தான் நின்றேன். மேனேஜருக்கு என்ன கம்பீரம் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். விட்டால் அந்தக் கை இன்றைக்கும் கரண்டிக்கு நீளும்.