தளம் போட்ட சனிக்கிழமை

எங்கள் ஹவுசிங் யூனிட் மாதா கோயில், டவுன் பங்கிலிருந்து பிரிந்து தனிப் பங்கானதற்கு வெள்ளி விழா வருகிறது. விழா மலர் ஒன்று போடுகிறார்கள். அங்கேயே வளர்ந்தவள் என்பதால் வரலாற்றுப் பகுதியை என் தலையில் கட்டிவிட்டார்கள். பார்த்து எழுதுவதற்குப் பழைய மலர் ஒன்றும் கொடுத்தார்கள். அதில் ஆயர்கள் வரிசையாக இருக்கிறார்கள், அடிக்கல் இருக்கிறது, மணிக்கூண்டு இருக்கிறது. கூரையைப் பற்றி ஒரே வரி: இறையருளால் தளம் போடப்பட்டது.

பொய்யில்லை. இறையருள் வந்தது. இரும்புச் சட்டியில் வந்தது, அலுமினியக் குண்டாவில் வந்தது, யார் வீட்டுக் கைக்குழந்தையோ குளிக்கிற பிளாஸ்டிக் பேசினில் வந்தது. வந்ததை நான் பார்த்தேன். அப்போது நாலாம் வகுப்பு.

புதுக்கோட்டைக்கு வெளியே தைலமரக் காட்டை அழித்துக் கட்டிய யூனிட். ஒரே அச்சில் வார்த்த வீடுகள். குடித்துவிட்டு வருகிறவர்கள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். குடிக்காதவர்களும் சில நாள் தட்டுவார்கள். செம்மண் புழுதி, குழாயடியில் எந்நேரமும் குடங்கள், காற்றில் தைல வாசம். எல்லாம் இருந்தது, கோயில்தான் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு டவுனிலிருந்து பங்குச் சாமியார் பைக்கில் வருவார். கார் இல்லாத ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் பூசை நடக்கும். சரியாக அவர் அப்பத்தை உயர்த்தும்போது பக்கத்து வீட்டுச் சேவல் கூவும். சேவல் கூவுமுன் ஆண்டவரை மறுதலித்த பேதுருவை நினைத்துப் பெரியவர்கள் தலை குனிவார்கள். சிரிப்பை மறைக்க நாங்கள் தலை குனிவோம்.

பிறகு இடம் கிடைத்தது, செம்புறாங்கல்லில் சுவர் எழும்பியது, சுவருக்கு மேலே வானம் இருந்தது. அந்த வானத்தை எதைக் கொண்டு மூடுவது என்பதில் கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. தலைவராக இருந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், ஆஸ்பெஸ்டாஸ் சீட் போதும் என்றார். அவர் சொன்னால் மறுபேச்சு இருக்காது; கமிட்டியில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள்.

அம்மாதான் எழுந்தாள். ஜி.எச்.சில் நர்ஸ். மீமிசலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரி. காற்றோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய குரல்.

"சீட்டுல மழை விழுந்தா சத்தத்துல பிரசங்கம் கேக்காதுங்க. தளமே போடுவோம்."

"பிரசங்கம் கேக்காட்டி நல்லதுதானே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சாமியாரே சிரித்துவிட்டார். ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை.

"தளம் ஒழுகுனா யாரும்மா பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். ஒழுகுனா என்னையக் கேளுங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது கோயில் தளமாக இல்லை, அம்மாவின் தளமாகிவிட்டது. கடைக்குப் போனால் கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்தவர்கள்கூடக் கேட்டார்கள்: என்ன சிஸ்டர், ஒங்க தளம் எப்ப?

இந்த இடத்தில் அத்தையைச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை; அதே யூனிட்டில் நாலாவது தெரு. அப்பா ஒரு வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அத்தை அம்மாவோடு பேசியதில்லை. சண்டையும் போட்டதில்லை. அம்மா ஒரு முழத் தூரத்தில் நின்றாலும் அத்தை என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். "ஒங்க அம்மாகிட்டச் சொல்லு, நாளைக்குக் கிருத்திகை, அண்ணனுக்கு முட்டை கிட்டை வச்சுறப் போறாக." அம்மாவும் என் முகத்தைப் பார்த்தே, "தெரியும்னு சொல்லு" என்பாள். நான் இரண்டு பக்கமும் சொல்வேன். டெலிபோன் கம்பி மாதிரி நடுவில் நிற்பதை ஒரு பதவியாகவே நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு இதில் எந்தக் கட்சியும் கிடையாது. டவுன் பஸ் கண்டக்டர். முருகன் படத்துக்குக் காட்டிய ஊதுபத்தியை அணைவதற்குள் மாதா படத்துக்கும் காட்டிவிடுவார். ஒரே டிக்கெட்டில் இரண்டு ஸ்டாப்.

தளம் போடச் சனிக்கிழமை குறித்தார்கள். சாமியாருக்கு ஓய்வு, பள்ளிக்கூடம் லீவு, கலவை மிஷின் கிடைக்கிறது. வேறென்ன பார்க்க வேண்டும்? நாள் நட்சத்திரம் பார்ப்பது நமக்கில்லை என்பதில் கமிட்டிக்கு ஒரு பெருமையே உண்டு. காலண்டர் தொங்கிய ஆணியின் பக்கம்கூட யாரும் திரும்பவில்லை. வேலைக்கு வருகிறவர்கள் எந்த ஊர், அந்த ஊரில் என்ன விசேஷம் என்று கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

விடிந்ததும் கொத்தனார் கொஞ்ச ஆட்களோடு வந்துவிட்டார். கம்பி கட்டி, சென்ட்ரிங் அடித்துத் தயாராக இருந்தது. சாமியார் முதல் சட்டிக் கலவைக்குத் தீர்த்தம் தெளித்தார். மிஷின் உருண்டது. அதன் வயிற்றுக்குள் ஜல்லி புரளும் சத்தம், பசித்த யானை ஒன்று வந்து நிற்பது போல இருந்தது. மேற்கு மூலையில் முதல் கலவை விழுந்தது. மற்றவர்கள் வேனில் வந்துகொண்டிருக்கிறார்கள், வந்ததும் வேலை பிடித்துக்கொள்ளும் என்றார் கொத்தனார்.

வேன் வந்தது. டிரைவர் மட்டும் இறங்கினான்.

"எங்கடா ஆளுக?"

"வர மாட்டாங்கண்ணே. நேத்து சாயங்காலம் ஊர்ல காப்புக் கட்டிட்டாங்க."

திருமயத்துப் பக்கம் ஒரு கிராமம். வேனில் வர இருந்த அத்தனை பேரும் அந்த ஒரே ஊர். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் விழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார்கள். கொத்தனார் வேறு ஊர்க்காரர். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ராத்தங்கத்தான் கூடாதும்பாங்கெ, சாயங்காலம் கொண்டுபோய் விட்டுருவோம்னுல்ல நெனச்சேன். எல்லையே தாண்டக் கூடாதாமே!"

"இன்னொரு நாள் போட்டுக்கிருவோமே" என்றார் சாமியார்.

"மூலையில போட்டாச்சே சாமி. இதுல நிறுத்துனா பழசுக்கும் புதுசுக்கும் நடுவுல ஒட்டு விழுந்துரும். ஒட்டு விழுந்தா ஆயுசுக்கும் ஒழுகும். ஆரம்பிச்சா முடிக்கணும், நடுவுல நிறுத்தப்படாது."

ஒழுகும் என்ற வார்த்தை விழுந்ததும் எல்லோருடைய கண்ணும் அம்மாவின் மேல் போய் நின்றது. தென்கிழக்கே மேகம் வேறு. கோடை மழைக்கான மேகம், அழுக்குப் பஞ்சு மூட்டைகளை அவிழ்த்துப் போட்ட மாதிரி. ஹெட்மாஸ்டர் வழியில் ஒரு சேரைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் குரலை உயர்த்தவேயில்லை.

"சீட்டுன்னா இந்நேரம் மாட்டி முடிச்சு டீ குடிச்சிருக்கலாம். பொம்பளை பேச்சு."

காற்றோடு போட்டி போடும் அம்மாவின் குரல் எங்கே போனதென்று எனக்குப் புரியவில்லை.

அத்தை அப்போது குழாயடியிலிருந்து இடுப்பில் குடத்தோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். முதலில் அவளும் என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள்: "மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டுற நேரம்னு நாலு பேரைக் கேக்க வேணாமா? ஒங்க அம்மாகிட்டச் சொல்லு." சொல்வதற்கு நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஹெட்மாஸ்டரின் "பொம்பளை பேச்சு" அவள் காதில் விழுந்துவிட்டது. குடத்தை நங்கென்று இறக்கினாள்.

"ஐயா, எங்க வீட்டு ஆளைப் பேச எங்களுக்குத் தெரியும். நீங்க எந்திரிச்சுச் சேரை அங்கிட்டு எடுங்க, வழியில கெடக்கு."

யூனிட் உண்டான நாளிலிருந்து அவரிடம் அப்படிப் பேசியவர் கிடையாது. அவர் எழுந்தார். சேரையும் எடுத்தார். அத்தை தெருவில் இறங்கிக் குழாயடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏய், எல்லாரும் வாங்கடி! தண்ணிக்கு நிக்கிறதை இங்கிட்டு வந்து நில்லுங்க!"

வந்தார்கள். அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். ஏன் எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. தினமும் குடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்ட அதே வரிசை, இடம் மாறி வந்து நின்றது. பூ வைத்தவள், பொட்டு வைத்தவள், சிலுவை போட்டவள், ஏழாவது தெரு பாய் வீட்டம்மா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு. இருந்த சட்டிகள் போதவில்லை என்றதும் வீடுகளிலிருந்து குண்டாக்கள் வந்தன, பேசின் வந்தது, பொரிகடலைக்காரர் வாணலி வந்தது. ஆண்கள் சாரத்தில் ஏறி அடுக்கடுக்காக நின்றார்கள். சாமியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "என்ன ஃபாதர் பாக்குறீங்க, அங்கியைத் தூக்கிச் செருகுங்க" என்று ஒரு பாட்டி சொன்னதும் செருகிக்கொண்டார். உள்ளே கட்டம் போட்ட கைலி. யூனிட்டே பார்த்தது.

முதலில் எல்லாம் குழப்பம். போகிற சட்டியும் வருகிற சட்டியும் முட்டிக்கொண்டன. அப்பா சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் நகர வேண்டும். பஸ்ஸில் போய்ப் பழகிய ஜனம், சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "உள்ள நகருங்க, உள்ள நகருங்க, படியில நிக்காதீங்க!" என்று சாரத்தின் கீழே நின்று கத்தினார். "சில்லறை இருக்கா கண்டக்டர்?" என்று மேலேயிருந்து பதில் வந்தது. வரிசை சிரித்தது. சிரித்துக்கொண்டே கை மாற்றியது. சட்டிகள் ஏறின, ஏறின, வானம் பார்த்துக் கிடந்த கம்பிவலை கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறத்தில் மூடிக்கொண்டே வந்தது. வெறுஞ்சட்டிகளை உருட்டித் திருப்பிக் கொண்டுபோகும் வேலை பிள்ளைகளுக்கு. கொத்தனாரின் சட்டத்தை நான் மனப்பாடம் செய்திருந்தேன். யார் மூச்சு வாங்க நின்றாலும் போய், "நிறுத்தப்படாது, ஒட்டு விழுந்துரும்!" என்று மிரட்டினேன். ஹெட்மாஸ்டரையும் மிரட்டினேன். அவர் அப்போது மிஷினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மதியம் சாய்ந்த நேரம். வரிசையில் ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுக்கப் போக, இடைவெளியை அடைக்க எல்லோரும் நெருங்கியதில் அத்தையின் பக்கத்து ஆள் அம்மாவாகிவிட்டாள். பேச்சு இல்லை; சட்டி மட்டும் கை மாறியது. ஈரச் சட்டி ஒன்று அம்மாவின் பிடியிலிருந்து வழுக்கியது.

"மதினி, காலு!"

கத்திக்கொண்டே அத்தை குனிந்து சட்டியை ஏந்திவிட்டாள். ஆளுக்கொரு விளிம்பாகப் பிடித்தபடி இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பின்னால் வரிசை நின்றது. அப்பா விசிலை வாயில் வைத்தவர் ஊதவேயில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தனை பாடுபட்டு இத்தனை பேரை ஓட வைத்து, இப்போது என் வீட்டு ஆட்களே இப்படி நிற்பதா?

"நிறுத்தப்படாது! ஒட்டு விழுந்துரும்!"

அப்பா இரண்டு விசில் ஊதினார். கொஞ்சம் பிசிறடித்த விசில்.

பொழுது இறங்குகிற நேரத்தில் கிழக்கு மூலையில் கடைசிச் சட்டி கவிழ்ந்தது. கொத்தனார் மட்டப்பலகையை இழுத்துவிட்டு நிமிர்ந்து, தலைப்பாகையை அவிழ்த்து உதறினார். அதுதான் அறிவிப்பு. அப்புறம் எழுந்த சத்தம் இருக்கிறதே! குலவை ஒரு பக்கம், மரியே வாழ்க ஒரு பக்கம், நடுவில் அப்பாவின் விசில் நிற்காமல். சாமியார் பூசை மணியை எடுத்துக்கொண்டு ஏணி உச்சிக்குப் போய் ஆட்டினார். சாக்கும் தார்ப்பாயும் விரித்து முடிப்பதற்கும் முதல் துளி விழுவதற்கும் சரியாக இருந்தது. சட்டெனப் பெருமழை. எல்லோரும் ஓடி நுழைந்த இடம் அந்தத் தளத்தின் அடியில்தான். சென்ட்ரிங் கம்புகளுக்கு இடையே, சிமெண்டு முகங்களோடு, ஆளை ஆள் இடித்துக்கொண்டு. மேலே மழை இடி இடியென்று இறங்கியது. உள்ளே பக்கத்து ஆள் மூச்சு விடுவது கேட்டது.

"பெய்யட்டும்ங்க" என்றார் கொத்தனார். "தண்ணி கட்டுற வேலை மிச்சம்."

அந்தத் தளம் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. ஒட்டு எங்கே இருக்கிறதென்று பெரிய பெரிய என்ஜினியர்கள் ஏறித் தேடியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். வரலாற்றில் இதை எல்லாம் எழுதித் தந்துவிட்டேன்.

எழுதாதது ஒன்று உண்டு. மழை விட்டபின் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். யாரும் அழைத்த மாதிரி தெரியவில்லை, அம்மாவின் பின்னால் நடந்து வந்தாள். அடுப்படியில் அம்மா அவள் கையைக் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிமெண்டு தின்ற கைக்கு எண்ணெய்தான் மருந்து. ஆஸ்பத்திரியில் அம்மா கட்டுப் போடுகிற வேகத்தை நான் பார்த்திருக்கிறேன். வரிசையில் நிற்கிறவர்கள் உட்கார்ந்து எழுவதற்குள் முடித்துவிடுவாள். அன்று முடிக்கவே இல்லை. விரல் விரலாகத் தடவினாள். முடிந்த விரலையே மறுபடி தடவினாள். இரண்டு பேரும் என்னை ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை.

"எனக்கு?" என்று கையை நீட்டினேன்.

"இரு, அத்தைக்குப் போட்டுட்டு வாரேன்."

நின்றேன். கை வலித்தது. அப்படி என்ன பெரிய காயம் என்று அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். உள்ளங்கையில் சின்னதாக ஒரு கொப்புளம், அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு எண்ணெய் என்று நினைத்துக்கொண்டேன்.