முழுமை என்று நான் சொல்லாத ஞாயிறு

நான் வெள்ளவத்தைக்குப் போவது அம்மாவுக்கு அறவே பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டாஞ்சேனைக் கோவிலில் பூசை கண்டுவிட்டு, பின்னேரம் பஸ் ஏறிப் போய், வட்டமாகக் கதிரை போட்டு இருக்கும் ஒரு கூட்டத்தோடு கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாள் மகள் என்றால் எந்தக் கத்தோலிக்கத் தாய்தான் பொறுப்பாள்? "காலமை யேசு, பின்னேரம் வெறுங்கதிரை. நல்லா இருக்கடி உன்ர வேதம்!" என்பார். நான் செருப்பை மாட்டுவேன். கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரின் அறையில் கிழமை முழுக்க ஊரார் சண்டையைத் தட்டச்சு அடித்துக் காது புளித்துப்போனவள் நான். ஒருவரும் வாதாடாத ஒரு பின்னேரம் எனக்கு வேண்டியிருந்தது.

எழுபதுகளில், மாத்தட்டுப்பாட்டில் பாணுக்குக் கியூவில் நின்ற காலம் அது. அந்தக் கூட்டத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை. கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ரயில் போனால் ஜன்னல் அதிரும் ஒரு மேல்மாடி. வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். எல்லோரும் அவரைச் சேர் என்போம். தலைவர் என்று சொன்னால் கோபம் வரும் அவருக்கு. "நான் கதவைத் திறந்துவிடுற ஆள், அவ்வளவுதான்" என்பார். சைவம், வேதம், புத்தம் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. சுவரில் ஒரு வட்டம் மட்டும் கரியால் கீறியிருக்கும். அதுவும் கீழே மூடாத வட்டம். உண்மைக்குள் எவரும் வரலாம், அதனால் வாசல் விட்டிருக்கிறது என்று அதற்கு விளக்கம். கதிரைகளையும் அப்படியே, கதவுப் பக்கம் ஓர் இடைவெளி விட்டுப் போடுவோம்.

நடுவில் ஒரு வெள்ளை மெழுகுதிரி, அதன் அருகே ஒரு கதிரை. நோயோ கவலையோ உள்ளவர் போய் அதில் இருப்பார். என்ன குறை என்று சொல்லக் கூடாது. சொல்லுக்கு உயிர் உண்டு, பெயர் சொன்னால் நோய் வேர்விடும் என்பது எங்கள் நம்பிக்கை. நாங்கள் கண்ணை மூடி, அவர் தலையில் இருந்து கால் வரைக்கும் வெள்ளை வெளிச்சம் இறங்குவதாக நினைக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவராக, அவரவர் பாஷையில், "நீ முழுமையாய் இருக்கிறாய்" என்று சொல்லுவோம். வட்டத்தின் ஒரு முனையில் தொடங்கி மறு முனைக்குச் சொல் போய்ச் சேரும் வரை யாரும் எழும்பக் கூடாது, மெழுகுதிரியை அணைக்கக் கூடாது. கடைசியில் நடுவில் இருப்பவர், "முழுமையாய் இருக்கிறேன்" என்பார். பச்சைத் தண்ணியில் பலகாரம் சுடுகிற வேலை என்று அம்மா சொல்லுவார். எனக்கு அது பிடித்திருந்தது, உண்மையாகவே பிடித்திருந்தது. அங்கேயிருந்து வீடு திரும்பும்போது பஸ்ஸில் இடி வாங்கினாலும் எரிச்சல் வராது.

அந்த நடுக் கதிரையில்தான் அக்கா மாதக்கணக்காக இருந்தார். என் சொந்த அக்கா இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டின அனெக்ஸில் தனியாக இருந்த ரீச்சர், புருஷன் செத்துக் கொஞ்சக் காலம். முதல் நாள் என்னைப் பார்த்து, "பிள்ளை, இந்தக் கதிரை முதுகை முறிக்கும், நீ இஞ்சால வா" என்று தன் பக்கத்தில் இருத்தினாரே, அதோடு ஒட்டிக்கொண்டோம். கூட்டம் முடிய அவர் அறையில் பால் விடாத பிளேன் ரீ. அவர் மற்ற ரீச்சர்மார் எல்லோரையும் நடித்துக் காட்டுவார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நோகும். எனக்கு அப்படி ஒரு சிநேகிதம் அதற்கு முன்னமும் இருந்ததில்லை, பிறகும் இல்லை.

ஒரு பின்னேரம் மழையில் நனைந்து வந்தோம். அக்கா உடுப்பு மாற்றினார், பிளவுஸின் பின்கொக்கிக்கு இடது கை எட்டவில்லை. "கொஞ்சம் பூட்டிவிடு" என்றார். என் கை அவர் அக்குள் பக்கம் பட்டது. கல்லுப் போல இருந்தது, கோழி முட்டை அளவில். என் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னக்கா இது?"

"ஒண்டுமில்லை. பூட்டு."

"ஒண்டுமில்லையோ? எவ்வளவு நாளா இருக்கு? டொக்டரிட்டக் காட்டினீங்களோ?"

அவர் திரும்பி என் வாயைப் பொத்தினார். "பேர் சொல்லாதை பிள்ளை. நான் அதுக்குத்தான் நடுவில இருக்கிறன். கரைஞ்சுகொண்டு வருது. நீ பேரைச் சொன்னியெண்டால் எல்லாம் பழுதாப் போயிடும்."

கரையவில்லை. கிழமைக்குக் கிழமை கெஞ்சினேன். களுபோவில ஆஸ்பத்திரிக்கு நான் லீவு போட்டுக் கூட்டிப் போகிறேன் என்றேன். அழுதேன், கத்தினேன். "உனக்கு விசுவாசம் காணாது" என்றார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. கடைசியில் சேரிடம் போய், பெயர் ஊர் இல்லாமல், "ஒருத்தருக்கு டொக்டர் தேவைப்பட்டா என்ன செய்யிறது?" என்று கேட்டேன். "போகச் சொல்லும். நாங்கள் ஒருநாளும் வேண்டாமெண்டு சொல்லேல்லையே" என்றார். பொய் இல்லை, அவர்கள் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் வாய் திறந்தால் வருத்தம் கூடும் என்று நம்புகிற மனுஷி டொக்டருக்கு முன்னால் போய் எந்த வாயால் சொல்லுவாள்?

அக்காவின் இரகசியத்தை உடைக்கவும் எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவரைச் சாக விடுவதாகவும் இல்லை. யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. பிறகு ஒரு வழி மனதில் பட்டது. அதற்கு நான் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை.

அந்த ஞாயிறு வேண்டுமென்றே வட்டத்தின் கடைசி முனையில், இடைவெளிப் பக்கம் போய் இருந்தேன். அக்கா நடுவில். வெளிச்சம் இறக்கி முடிந்தது. சேர் தொடங்கினார். பறங்கிப் பியானோ ரீச்சர் இங்கிலீஷில் சொன்னார். சிங்களத் தபால்காரர், "ஒப சம்பூர்ணயி" என்றார். மற்றவர்களும் சொல்லி, சொல் என்னிடம் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறந்துவிட்டேன் என்று நினைத்து, சேர் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினார். திரும்பவும் என்னிடம் வந்து நின்றது. தபால்காரர், "நங்கி, ஒயாகே வாரய" என்று மெல்லச் சொன்னார், என் முறை என்று. தெரியும் என்று தலையை ஆட்டினேன். அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. பார்வையாலேயே அறைந்தார்.

"என்ன பிள்ளை, சுகமில்லையோ?" என்றார் சேர்.

"எனக்குச் சுகம், சேர். ஆனா நான் அதைச் சொல்லமாட்டன்."

ஒருவரும் எழும்பவில்லை. எழும்ப ஏலாது, அதுதானே எங்கள் ஒழுங்கு. ஒரு ரயில் போனது. வெளியே வெயில் சாய்ந்தது. மெழுகுதிரி அரைவாசியானது. பியானோ ரீச்சர் முழங்காலைத் தடவினார். ஐயோ, என்னோடு கோபித்து எல்லோரும் என்னை வெளியே தள்ளினாலும் தள்ளட்டும், விடப்போவதில்லை என்று கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா தலையைக் குனிந்தபடி இருந்தார். இன்னொரு ரயிலும் போனது.

"கட்டி" என்றார் அக்கா. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நெஞ்சில. பெரிசாயிட்டுது."

பியானோ ரீச்சர் வாய்விட்டு அழத் தொடங்கினார். அவர் இத்தனை மாதமும் அக்காவின் கண்ணுக்கு வெளிச்சம் அனுப்பியிருக்கிறார், கண்ணாடி போட்டிருந்தபடியால். தபால்காரர் செத்த புருஷனை நினைத்து வந்த துக்கம் என்று எண்ணியிருந்தார். சேர் நினைத்தது மூட்டுவாதம். அத்தனை பேரும் அத்தனை அன்போடு ஆளுக்கொரு பக்கம் அனுப்பியிருக்கிறோம்! சேர் எழுந்து போய்த் தன் கையாலேயே மெழுகுதிரியை அணைத்தார். "நாளைக்குக் காலமை நானும் வாறன்" என்றார். முறைப்படி முடியாத ஒரே ஒரு கூட்டம் அதுதான்.

மறுநாள் களுபோவில ஆஸ்பத்திரிக்கு நாலு பேர் போனோம். டொக்டர் பார்த்தார், வீட்டுக்கு விடாமல் உடனேயே வார்டில் மறித்தார்கள். மார்பை எடுக்க வேண்டும் என்றார்கள், எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று நேர்ஸ் என்னிடம் தனியாகச் சொன்னார். நான் கொரிடோரில் நின்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

கண் விழித்த அக்காவுக்கு ஓரேஞ் உரித்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் இருந்தேன். கையால் தட்டிவிட்டார்.

"நான் சொல்லாமல் இருந்திருந்தா அது கரைஞ்சிருக்கும். சொல்ல வைச்சு நீதான் அதுக்கு உயிர் குடுத்தனீ. எழும்பிப் போ."

"அக்கா, டொக்டர் என்ன சொன்னவரெண்டா..."

"போ எண்டு சொன்னனான்."

மருந்து மயக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். மயக்கம் தெளிந்த பிறகும் அதே கதைதான். சேரோடு கதைத்தார், தபால்காரர் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தார். நான் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சுகமாகி வந்தும் அனெக்ஸ் கதவு எனக்குத் திறக்கவில்லை. நான் மேல்மாடிக்குப் போனால் அவர் வரமாட்டார் என்று தெரிந்ததும், போவதை நிறுத்தினேன். அவருக்கு அந்த இடம் என்னைவிடத் தேவை. ஞாயிறு பின்னேரங்களில் நான் வீட்டில் இருப்பதைக் கண்டு அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

மன்னிப்புக் கேள் என்று சேர் ஆள் அனுப்பினார். எதற்கு? நான் கேட்கமாட்டேன். அந்த ஞாயிறு திரும்ப வந்தாலும் இடைவெளிப் பக்கம் போய்த்தான் இருப்பேன், வாயை மூடிக்கொண்டுதான் இருப்பேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதும் சில சனிக்கிழமைகளில் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போவேன். கொட்டாஞ்சேனையில் இல்லாத மரக்கறியா என்று வீட்டில் கேட்பார்கள். போன கிழமையும் அக்கா நின்றார், தலை முழுக்க நரை. முற்றின முருங்கைக்காயைத் தலையில் கட்டப் பார்த்த முதலாளியைச் சிங்களத்தில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விட்ட இடத்தில் இருந்து திரும்பத் தொடங்கினார். நான் பக்கத்துக் கடையில் வெங்காயம் பொறுக்குவதுபோல நின்று, அவர் ஏசி முடியும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.