செட் சரி, வாய்தான் சரியில்லை

சபையில் அவர் பெயர் ஜெப அண்ணன். தெருவில் பல்லு அண்ணன். இரண்டுக்கும் வாய்தான் மூலதனம் என்று மனைவி கேலி செய்வாள். பல் டாக்டரின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிற வேலை. முப்பது வருடம் பிளாஸ்டர் தூசியிலும் மெழுகு வாசனையிலும் ஓடிவிட்டது.

சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யார் மகனுக்கு இன்டர்வியூ என்றாலும் முதல் போன் அவருக்குத்தான். உருகி உருகி ஜெபிப்பார். காரியம் நடந்தால், "கர்த்தர் கேட்டுட்டார்." நடக்காவிட்டால், "அவர் சித்தம்." அதுவும் எடுபடாத இடத்துக்கு மூன்றாவதாக ஒன்று கைவசம் இருந்தது: "விசுவாசம் கொஞ்சம் கொறஞ்சிருச்சு."

அந்த மூன்றாவதைத்தான் ஏழு வருடத்துக்கு முன் தன் சொந்த அக்காவிடம் சொன்னார். ஈரல் கெட்டு மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா மூன்று நாள் உபவாசம் இருந்தாள். நான்காம் நாள் மாமா போய்விட்டார். "கர்த்தர் ஏன்டா கேக்கல?" என்று அவள் கேட்டாள், இவர் அதைச் சொன்னார். அக்கா தலையைக் குனிந்தபடி ஆட்டிவிட்டுப் போனாள்.

போன வருடம் ஒரு டைப்பிஸ்ட் அம்மா கீழ் செட் குத்துகிறது என்று மூன்றாவது முறையாக வந்தார். டாக்டர் தன் வழக்கமான ஜோக்கை எடுத்துவிட்டார். "செட் சரியாத்தான் இருக்கும்மா. உங்க வாய்தான் சரியில்ல." பின்னறையில் அவர்கள் தினமும் சொல்லிச் சிரிக்கிற ஜோக்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அப்படித்தான் இருக்கும்" என்று செட்டைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

பல்லு அண்ணன் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு போன அந்த விதத்தை எங்கேயோ பார்த்திருந்தார். வாசல்வரை ஓடி அந்த அம்மாவைத் திரும்ப அழைத்து வந்தார். நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். இடிக்கிற இடத்தில் நீலம் பதியும், அதைத் தேய்த்தால் போதும். இடது ஓரத்தில் கடுகளவு பதிந்திருந்தது.

"அப்ப தப்பு செட்லதானா?"

"ஆமாம்மா. என் கை வேலை."

அதன் பிறகு ஜெபிக்க உட்கார்ந்தாலே அந்த நீலத் தாள் வந்து நின்றது. கர்த்தர் கேட்டால் அவர் வல்லமை, கேட்காவிட்டால் நம் குறை. எந்தப் பக்கம் கடித்தாலும் நீலமே பதிய விடாத ஒன்றைச் சரி என்று எதை வைத்துச் சொல்வது? வேதத்தை அட்டை முதல் அட்டை வரை திரும்ப வாசித்தார். ஆண்டவர்மேல் கோபம் வரவில்லை. கோபித்துக்கொள்ளக்கூட அங்கே ஆள் இல்லை என்று மெல்ல மெல்லத் தெரிந்தது. ஒரு நாள் ஜெபத்தின் நடுவில், இவ்வளவு நேரமும் தன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. பாதியிலேயே எழுந்துவிட்டார். அதோடு சபைக்கும் போகவில்லை.

போதகர் இரண்டு முறை வந்து பேசிப் பார்த்தார். சபையார் வாயில் ஜெப அண்ணன் ஒரே வாரத்தில் விசுவாசத்தை விட்டுப்போன பின்மாற்றக்காரர் ஆனார். மனைவி இரண்டு நாள் அழுதுவிட்டு, "நீங்க வராட்டி போங்க. நான் போவேன். சமையலை நீங்க பாத்துக்கங்க" என்று முடித்தாள். அதெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அக்காவிடம் சொன்னதுதான் குத்திக்கொண்டிருந்தது. சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டும். வாங்கப்போனால் தன் நம்பிக்கை போன கதை முழுதையும் சொல்ல வேண்டும். மாமாவைப் பரலோகத்தில் பார்க்கலாம் என்றுதான் அவள் நாளை ஓட்டுகிறாள். அதில் கை வைத்தால் தம்பி என்ற உறவே மிஞ்சுமா என்று பயந்தார். மாதக்கணக்கில் மென்று விழுங்கிவிட்டு, ஒரு சனிக்கிழமை போய் நின்றார்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சபைக்குப் போறத நிறுத்திட்டேன்க்கா."

"தெரியும். உனக்காக ஜெபம் வச்சாங்க."

"மாமா செத்தப்ப உன்கிட்ட ஒண்ணு சொன்னேன்ல, விசுவாசம் கொறஞ்சிருச்சுன்னு. அது பொய்க்கா."

அக்காவின் கை நின்றது. மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"அந்த உபவாசத்துல மூணாம் நாள் மயக்கமா வந்துச்சுடா. ஆஸ்பத்திரி படிக்கட்டுல ஒக்காந்து ரெண்டு பிஸ்கட் தின்னுட்டேன். யாருக்கும் தெரியாது. நீ அப்படிச் சொன்னதும், கர்த்தர் உனக்குக் காட்டிக் குடுத்துட்டார்னு நெனச்சேன்."

"ஐயோ அக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியாது. என்ன சொல்றதுன்னு தெரியாம வாய்க்கு வந்தத சொன்னேன். மாமா ஈரல் கெட்டுத்தான் செத்தாரு. உன்னால இல்ல. ஆனா இன்னொண்ணும் சொல்லணும். மேல யாரும் கேக்கறாங்கன்னு எனக்கு இப்ப..."

"அத அப்புறம் சொல்லு." அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "முதல்ல சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு."

"உன்னால இல்லக்கா."

"இன்னொரு தடவ."

அவர் சொன்னார். அவள் போதும் என்கிறவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.