மாமியிடம் காட்டச் சொன்னது

வாப்பா சவூதிக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தபோது உம்மாவுக்கு வயிறு பெருக்க ஆரம்பித்தது. தம்பி வரப்போகிறான் என்று எங்கள் பெரியபட்டினம் வீட்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். தெருவுக்குக் கணக்குப் போடத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

வாப்பாவின் அக்காவான மாமி அடுத்த வீடு. எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதை நிறுத்திக்கொண்டார். வாப்பாவின் போனும் குறைந்தது. உம்மா வாயுத்தொல்லை என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். டாக்டரிடம் போனால், "எத்தனை மாசம்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். மூச்சு முட்டி விழுந்த பிறகுதான் சாச்சி, உம்மாவின் தங்கை, மதுரைக்குக் கூட்டிப்போனாள்.

சினைப்பையில் தொடங்கிய புற்றுநோய் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. உடனே அறுக்க முடியாது, முதலில் கீமோ ஏற்றிக் கட்டியைச் சுருக்கி, பிறகு ஆபரேஷன், அதன்பின் மறுபடி கீமோ என்றார் டாக்டரம்மா.

கீமோவில் முடி கொட்டியது, வயிறும் வற்றியது. அதுதான் வினையாகப் போயிற்று. "மதுரையில போயி கலைச்சிட்டு வந்துட்டா. கேன்சருங்கிறது சாக்கு" என்றது தெரு. மொட்டைத் தலையைப் பார்த்திருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ, அதை முக்காடு மறைத்துவிட்டது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆபரேஷன் அன்று, வராவிட்டால் ஊர் பேசும் என்று மாமியும் வந்தார். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது உம்மா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். உயிரைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கவில்லை.

"எடுக்குறத எங்க மதினிகிட்டக் காட்டுங்கம்மா. மொதல்ல அவுகளுக்குத்தான்."

மதியம் டாக்டரம்மா ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். சாச்சி என் கண்ணைப் பொத்தினாள். அவள் கையை எடுத்தபோது மாமி தரையில் உட்கார்ந்து, "யா அல்லா, பாவி என்ன பேச்செல்லாம் பேசிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா சாச்சியிடம் தணிந்த குரலில், "முடிஞ்சவரைக்கும் எடுத்துட்டோம். குடல்ல ஒட்டியிருக்கிறத எடுக்க முடியலை. முன்னாடியே வந்திருக்கணும்" என்றார்.

கண் விழித்த உம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"மாமி பாத்தாகளா?"

"பாத்தாக உம்மா. அழுதாக."

உம்மா சிரித்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது. நோய் போய்விட்டதென்று நினைத்து நானும் சிரித்தேன்.