ஓரகத்தியின் கல்

அந்தக் கல் ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது. மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் புட்டி, அதற்குள் கொண்டைக்கடலை அளவில் பழுப்பாக ஒரு கல். ஓரகத்தியின் பித்தப்பையிலிருந்து எடுத்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் புட்டியை இறக்கிக் குலுக்கிக் காட்டுவாள். வந்தவர்கள் "அடேயப்பா!" என்று வாயைப் பிளப்பார்கள். "இதை வயித்துல வச்சுக்கிட்டுதான் இத்தனை வேலையும் பாத்திருக்கா எம்மருமக" என்று மாமியார் பின்பாட்டுப் பாடுவாள். அப்போதெல்லாம் அடுப்படியில் நிற்கும் இளைய மருமகள் பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கியே வைப்பாள்.

அவளுக்கும் வலி இருந்தது. வலது விலாவுக்குக் கீழே, யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி, இரண்டு வருஷத்துக்கு மேலாக. சில நாள் நெஞ்சு படபடக்கும். சில நாள் கை மரத்துப் போகும். சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்காது. ஆனால் அந்த வலிக்குக் கல்லும் இல்லை, கட்டியும் இல்லை. ரத்தம் எடுத்தார்கள், நார்மல். இசிஜி எடுத்தார்கள், நார்மல். வயிறு முழுக்க ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் நார்மல். "நார்மல்னு வந்தா சந்தோஷப்படணும்டி" என்றாள் மாமியார். இவளும் சந்தோஷப்படத்தான் பார்த்தாள், வந்தால்தானே?

ஸ்கேன் சென்டரை ஒட்டிய கடையில் ஜெராக்ஸ் போடுவது அவள் வேலை. தெருவுக்கே அவள் ஜெராக்ஸ் அக்கா. காப்பீட்டுக்கு, ஆபீஸ் லீவுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று ஊரார் ரிப்போர்ட்டெல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். கண்ணாடியில் தாளைக் கவிழ்க்கும் முன் கண்ணை ஒரு ஓட்டம் ஓட்டிவிடுவாள். யாருக்கு ஈரல் வீங்கியிருக்கிறது, யாருக்கு முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, எல்லாம் அத்துப்படி. கட்டியென்று எழுதிய ரிப்போர்ட்டோடு வந்த ஒருத்திக்கு அவள் புருஷன் கைப்பையைத் தூக்கிக்கொண்டு, குடையும் பிடித்து நின்றான். இவளுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. நோய்க்காரியைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஜென்மமும் உண்டா என்று கேட்காதீர்கள். அதே கேள்வியைத் தன்னையே கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டவள்தான் அவள்.

எல்லாவற்றுக்கும் மேலே அவளை அரித்தது அந்த நாலு நாள். ஓரகத்திக்கு ஆபரேஷன் நடந்தபோது அவள் புருஷன் லாரியோடு வெளியூரில் இருந்தான். இவள் புருஷன் ஒர்க்‌ஷாப்பில் லீவு சொல்லிவிட்டு, ஃப்ளாஸ்க்கும் தலையணையுமாகப் போய் ஆஸ்பத்திரி பெஞ்சில் நாலு நாள் உட்கார்ந்தான். "அண்ணிக்கு ஆள் வேணும்ல?" என்றான். வேண்டும்தான், யார் இல்லையென்றது? ஆனால் இவள் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டால் மட்டும், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "கேஸா இருக்கும். ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் படு" என்பான்.

ஒருநாள் ஓரகத்தி தன் ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டி, "காப்பீட்டுக்காரங்க கேக்குறாங்கடி, மூணு காப்பி போட்டுட்டு வா" என்றாள்.

மூன்று போட்டாள். கை சும்மா இருக்கவில்லை. தன் பெயரையும் வயதையும், போன வாரத்துத் தேதியையும் அதே எழுத்தில் தட்டி எடுத்து, மெல்லிய துண்டுகளாக வெட்டி, மூலத்தின்மேல் ஒட்டாமல், நாலாவதாக இன்னொரு காப்பி எடுத்து அதன்மேல் ஒட்டினாள். விளிம்பின் நிழல் கோடாக விழுமே என்று வெள்ளை மை தடவினாள். மெஷினில் கருப்பை ஒரு படி குறைத்தாள். வெளியே வந்த தாளில் ஒட்டு இருந்த சுவடே இல்லை. கல் இப்போது அவளுடையது.

அவளுக்கு ஆபரேஷன் ஆசையெல்லாம் கிடையாது. டாக்டர் ஒரே ஒரு தடவை, "ஐயோ, இதோடவா நடமாடிக்கிட்டிருந்தே?" என்று கேட்க வேண்டும். அதை வீட்டில் வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் போட்ட திட்டம்.

அவர்கள் குடும்ப டாக்டர் வீட்டுக்கு ஒரு அட்டைக் கோப்பு வைத்திருப்பார். அதற்குள் ஆளுக்கொரு கார்டு. டோக்கன் போட்டு மாலையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தால் உள்ளே மூன்று நிமிஷம் கிடைக்கும். அன்று ரிப்போர்ட்டை நீட்டிவிட்டு முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள். டாக்டர் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"உனக்குக் கர்ப்பப்பையை எப்ப எடுத்தாங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரார் ரிப்போர்ட்டையெல்லாம் வரி விடாமல் படித்தவள், இதில் கல்லைப் பற்றிய வரியோடு நின்றுவிட்டாள். கடைசி வரியில் இருந்தது, கர்ப்பப்பை அகற்றப்பட்டுள்ளது என்று. ஓரகத்தியுடையது.

டாக்டர் கோப்புக்குள் இருந்த ஓரகத்தியின் கார்டைப் பார்த்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டாகிவிட்டது. கத்தப் போகிறார், வெளியே இருப்பவர்கள் காதில் விழப் போகிறது என்று அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் கத்தவில்லை. அவளுடைய கார்டை எடுத்து முதல் வரியிலிருந்து விரலை வைத்துக்கொண்டே வந்தார்.

"பதினாலு தடவை வந்திருக்கே. பதினாலு தடவையும் வாயுன்னு எழுதியிருக்கேன்." அவர் முகத்தில் அசடு வழிந்தது. "மொத தடவை நீ வந்தது, உங்க வீட்டுப் பாப்பாவ ஆஸ்பத்திரியில இருந்து தூக்கிட்டு வந்த வாரம். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதானே உனக்கு..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டாம். இரண்டு மருமகள்களும் ஒரே சமயத்தில் உண்டாகியிருந்தார்கள். இவளுடையது ஆறாம் மாதத்தில் போய்விட்டது. வீடு அதற்கு அழுது முடிப்பதற்குள் ஓரகத்திக்குப் பிரசவம், ரத்தப்போக்கு, உயிர் பிழைப்பாளா என்று ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். கர்ப்பப்பையை எடுத்துத்தான் காப்பாற்றினார்கள். இவளும் ஓடினாள், ஃப்ளாஸ்க் கழுவினாள், பாப்பாவுக்குத் துணி துவைத்தாள். இவளுக்கு என்ன ஆயிற்று என்று அதற்கப்புறம் ஒருவரும் கேட்கவில்லை.

"இருக்கு டாக்டர்" என்றாள். "எனக்கு அது இருக்கு. அவளுக்கு அது இல்ல, பிள்ளை இருக்கு. எனக்கு அது மட்டும் பத்திரமா இருக்கு. எல்லாம் நார்மல்."

பிறகு மடை திறந்த மாதிரி வந்தது. அவளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது, அவள் கல்லைப் பார்த்தால்கூடப் பொறாமையாக இருக்கிறது, அந்தப் பிள்ளை சித்தி சித்தி என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்போதுதான் வலி அதிகமாகிறது, அந்தப் பிள்ளையைத் தனக்குப் பிடிக்கும், அதுதான் இன்னும் கொடுமை. மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னாள்.

"ரிப்போர்ட்டுதான் பொய். வலி பொய்யில்ல" என்றார் டாக்டர். தூக்கம் எப்படி, எதிலாவது மனசு ஒட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா என்றும் நேராகவே கேட்டார். "சாகணும்னு இல்ல, காலையில எந்திரிக்காம இருந்தா நல்லதுன்னு தோணும்" என்றாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அதைப் பற்றி இன்னும் கேட்டார். வெளியே டோக்கன்காரர்கள் இருமினார்கள், கதவைத் தட்டினார்கள். அரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்த அழுகையிலும், வெளியே இருப்பவர்கள் இப்போது தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள் என்று அவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம் வந்தது.

டாக்டர் சீட்டில் மனச்சோர்வு என்று எழுதினார்.

"கொஞ்சம் பெருசா எழுதுங்க டாக்டர்."

வேறு சீட்டு எடுத்துப் பெரிதாக எழுதினார். ஒரு மாத்திரை, வியாழக்கிழமை திரும்ப வரவேண்டும், வாராவாரம் பேச இன்னொரு டாக்டரிடம் அனுப்புவார், வீட்டிலிருந்து ஒருவர் கண்டிப்பாகக் கூட வரவேண்டும். திருட்டு ரிப்போர்ட்டை அவளிடமே தந்து கிழிக்கச் சொன்னார். கிழித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சீட்டை ஃப்ரிட்ஜின் மேல், கல் புட்டியை நகர்த்திவிட்டு, அதன் பக்கத்தில் வைத்தாள். மாமியார்தான் முதலில் எடுத்துப் படித்தாள். "இதெல்லாம் ஒரு வியாதியா? யாருக்குத்தான் சோர்வு இல்ல?" என்றாள். புருஷன் சாப்பிட்டுக்கொண்டே கையை நீட்டி வாங்கிப் பார்த்தான். பெரிய எழுத்து, பேப்பர் மாதிரி ஓரமாகத் தள்ளிவிட முடியாது. ஓரகத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். முகம் சட்டென்று மாறியது.

"வியாழக்கிழமை நான் கூட வரேன்டி" என்றாள்.

நல்ல மனசோடுதான் சொன்னாள். இவளுக்கும் அது தெரிந்தது. தெரிந்தும் உள்ளே ஏதோ சுள்ளென்றது. இரண்டு வருஷமாகப் பாத்திரத்தின் மேல் காட்டியதை அன்றுதான் வாயால் சொன்னாள்.

"நீ வேண்டாம்க்கா. உனக்கு நாலு நாள் உக்காந்தவரு எனக்கு ஒரு சாயங்காலம் உக்காரட்டும்."

பிள்ளை வாயில் விரலை வைத்துக்கொண்டு பார்த்தது. புருஷனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. காது மடல் சிவந்தது.

"எத்தனை மணிக்கு?" என்றான், தலையைத் தூக்கி அவளைப் பார்த்து.

"ஆறு மணிக்கு. டோக்கன் நான் போடுறேன். நீங்க பக்கத்துல உக்காந்தா போதும்."