அப்பாவின் ஆள்காட்டி விரல்

எழுபதுகளின் கடைசியில் நான் கல்லூரியில் விலங்கியல் படித்தேன். எங்கள் ஊரான ராசிங்காபுரத்தில் அதை ஒரு படிப்பாகவே யாரும் மதிக்கவில்லை. "ஓணான் வயித்தைக் கிழிக்கவா பொட்டப்பிள்ளையப் பஸ்சேத்தி அனுப்புறேன்?" என்று அப்பாவே கேட்பார். கேட்டுக்கொண்டே பஸ் ஏற்றியும் விடுவார்.

ஒரு மழைக்கால லீவில், போடிமெட்டுக்கு மேலே இருந்த எங்கள் ஏலத்தோட்டத்துக்கு அப்பாவோடும் சித்தப்பாவோடும் போயிருந்தேன். ஓடைக்கரையில் பழைய செடித் தூர் ஒன்றைப் பறித்துக்கொண்டிருந்த அப்பா, "யாத்தே!" என்று அலறிக் கையை உதறினார். வலது கை ஆள்காட்டி விரலில் பொட்டுப் பொட்டாய் ரத்தம். கடித்தது மண்ணுக்குள் புகுந்துவிட்டது.

"தலை எது, வாலு எதுன்னே தெரியல. வழவழன்னு நழுவிருச்சு. ஓரத்துல மஞ்சக்கோடு" என்றார். முகம் வெளுத்திருந்தது.

"ரெட்டைத்தலைப் பாம்புண்ணே! கடிச்சா ஆளு தங்காது!" என்ற சித்தப்பா, துண்டைக் கிழித்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார். ஜீப்புக்கு ஆள் அனுப்பியாயிற்று. அது வந்து, வளைவெல்லாம் இறங்கிப் போடி ஆஸ்பத்திரி சேர எப்படியும் இரண்டு மணி நேரமாகும். சித்தப்பா யோசித்தார். அவர் யோசித்தாலே ஆபத்துதான். கவாத்துக் கத்தியை எடுத்து, டீ கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் வைத்தார்.

"விரலோட போகட்டும்ணே. உசுரு இருந்தாப் போதும்."

அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மஞ்சள் கோடு, வழவழப்பு, தலையும் வாலும் தெரியாத உடம்பு. இதைக் கல்லூரிச் சீசாவில் பார்த்திருக்கிறேன். ரெக்கார்டு நோட்டில் இரண்டு தரம் வரைந்திருக்கிறேன். அது பாம்பே இல்லை. தவளைக்குச் சொந்தம், கால் கிடையாது, ஆளைக் கொல்லும் விஷமும் கிடையாது. ஆனால் சீசாவில் பார்த்ததை நம்பி அப்பாவின் உயிரோடு விளையாட முடியுமா? கடித்ததைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

"சித்தப்பா, கத்தி காயிற வரைக்கும் பொறுங்க. அதைப் பிடிச்சிட்டு வர்றேன்."

"அப்பன் உசுருக்குப் போராடுறான், இவளுக்கு ரெக்கார்டு சோலி கேக்குதாக்கும்!"

களைக்கொத்தியோடு ஓடைக்கரையில் குந்தினேன். கல்லைப் புரட்டினால் நண்டு. மட்கிய இலையைக் கிளறினால் ஒரு குட்டித் தவளை. வேருக்கடியில் ஓர் அரணை, வாலை ஆட்டிவிட்டு ஓடியது. மற்ற நாளாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் குதித்திருப்பேன். அன்றைக்கு எல்லாவற்றையும் வாய்விட்டு வைதேன். காலில் அட்டை ஏறியது. ஏறித் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

"கத்தி காஞ்சிருச்சு" என்று பின்னாலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார்.

களைக்கொத்தியை எறிந்துவிட்டுக் கையாலேயே சேற்றைத் தோண்டினேன். ஏதோ சில்லென்று நெளிந்தது. பிடியை விடவில்லை. ஓடைத் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். செதில் தெரியவில்லை. உடம்பெல்லாம் வளையம் வளையமாக இருந்தது. ஓரத்தில் மஞ்சள் கோடு, கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னப் புள்ளி. நான் வரைந்ததேதான்!

"அப்பா, இதானா பாருங்க" என்று மூச்சிரைக்க ஓடிவந்து நீட்டினேன்.

"இதேதான்."

"இது பாம்பு இல்லப்பா. தவளைச் சாதி. உசுருக்கு ஒண்ணும் செய்யாது."

என் கையிலேயே அதைச் சுற்றவிட்டுக் காட்டினேன். சித்தப்பா கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அப்பா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நெசமாவா, ஆத்தா?"

"நெசமாத்தான்ப்பா."

அதை ஓடைக்கரையில் விட்டுவிட்டு வந்து கட்டை அவிழ்த்தேன். நீலம் பாரித்திருந்த விரலில் மெல்லச் சிவப்பு ஏறியது. அப்பாடா! அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

ஜீப்பு வந்ததும் போடிக்குப் போய் டாக்டரிடமும் காட்டினோம். காயத்துக்கு மருந்து போட்டு அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"இந்தா பாரு, எவன் கேட்டாலும் பாம்புன்னுதான் சொல்லணும். தவளை கடிச்சதுக்கு விரலை வெட்டப் பாத்தோம்னு ஊருக்குள்ள தெரிஞ்சுச்சு, தொலைச்சுப்புருவேன்!"

என் மூக்குக்கு நேரே விரலை நீட்டி ஆட்டினார். அதே விரல். ஆட்டட்டும், இன்னும் நூறு வருசத்துக்கு இப்படியே ஆட்டிக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.