வாளிக்குள் போன வாட்ச்

எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடக்காமலிருக்க அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து பேசினாலே போதும்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது சித்தப்பா துபாயிலிருந்து வந்தார். கிணற்றடியில் புது வாட்சோடு கையை வாளிக்குள் முக்கி, "பாத்தியளா அண்ணே, ஒரு சொட்டு உள்ள கேறாது" என்றார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"லேய், இது அந்தக் காலத்து சாமானாக்கும்" என்று வாட்ச் கட்டிய தன் கையையும் முக்கினார்.

அது அம்மாவைப் பெற்ற தாத்தாவின் வாட்ச். தினமும் சாவி கொடுக்க வேண்டும். கல்யாணத்தன்று தன் கையிலிருந்து கழற்றி மாப்பிள்ளைக்குக் கட்டியிருந்தார். தாத்தா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாளியிலிருந்து கையை எடுத்தபோது கண்ணாடிக்குள் ஆவி படர்ந்து, முள் நின்றிருந்தது. சித்தப்பா மறுநாளே மாமியார் வீட்டுக்குத் தப்பிவிட்டார்.

நாகர்கோவிலில் வாட்ச் கடைக்காரர் திறந்து பார்த்து, சரிசெய்யலாம், ஆனால் பழையபடி ஓடுமென்று உறுதி சொல்ல முடியாது என்றார். அப்பா அதைக் கைக்குட்டையில் பொதிந்து திருப்பிக் கொண்டுவந்தார்.

"ஒனக்க அப்பாக்க வாட்சுல்லா. நீயே சொல்லு."

"அப்பா கெட்டுனது ஒங்க கையில. நீங்க சொல்லுங்க."

"எனக்கென்னட்டி, செல்போன்ல மணி தெரியுது. ஒனக்கு வேணும்னா செய்யலாம்."

"எனக்கு எதுக்கு?"

கஞ்சி குடிக்கும்போது இதே பேச்சு. ராத்திரி ஜெபத்தில் ஆமென் சொன்ன கையோடு இதே பேச்சு. எனக்கு வெறுத்துப்போனது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது சொல்லியேவிட்டேன்.

"ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா இங்க தாங்க. ஆட்டுக்க கழுத்துல கெட்டுகேன். அந்த ஆடாவது நேரத்துக்கு வீட்டுக்கு வரட்டு."

அடி விழுமென்று தள்ளி நின்றேன். விழவில்லை. அம்மா வாட்சை எடுத்து முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்தாள், துடைத்தாள். உள்ளே இருக்கும் ஆவி வெளியே துடைத்தால் போகுமா?

அப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார்.

"ஏட்டி, அந்தச் சட்டைய எடு. செய்யக் கொடுத்துட்டு வாறேன்."

"சரியா ஓடாதுன்னுல்லா சொன்னான்?"

"ஓடுகது ஓடட்டு. எனக்கு அது வேணும்."

வாட்ச் ஓடியது. எத்தனை முறை திருத்தி வைத்தாலும் கால் மணி நேரம் பின்னால் ஓடியது. அதைப் பார்த்தே அப்பா புறப்பட்டதால், ஞாயிறுதோறும் முதல் பாட்டு முடிந்த பிறகுதான் நாங்கள் சர்ச்சுக்குள் நுழைந்தோம். மொத்த சபையும் திரும்பிப் பார்க்கும். நான் இரண்டு நிமிடம் பிந்தினால் தொடையைத் திருகும் அம்மா, சரியான மணி காட்டும் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டே, அப்பாவுக்குப் பின்னால் நிதானமாக நடந்து வந்தாள். நேரம் தெரிந்தும் இந்த மனுஷி ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.